லேபிளும் நம் கையில்! லேயரும் ஷேடும் கற்றுக்கொள்வோம்



நம் குழுக்களில் கருவாடு போடுகிறோம், மக்ரூன் சுடுகிறோம், ஓட்டுமாவு இடிக்கிறோம், ஊறுகாய் போடுகிறோம். பொருள் தரமாக இருக்கிறது. ஆனால் பூமாலை வணிக வளாகத்திலோ மதி அங்காடியிலோ கண்காட்சியிலோ அடுக்கி வைக்கும்போது வாங்க வருபவர் முதலில் பார்ப்பது பாக்கெட்டின் மேல் ஒட்டிய லேபிளைத்தான். அந்த லேபிளை யார் செய்கிறார்கள்? பெரும்பாலும் டவுனில் உள்ள ஒரு கம்ப்யூட்டர் சென்டர். விலை மாறினால் அங்கே போக வேண்டும். எடை மாறினால் அங்கே போக வேண்டும். ஒரு எழுத்துப் பிழை இருந்தாலும் அங்கேதான் போக வேண்டும். ஒவ்வொரு தடவையும் பஸ் செலவு, கைக்காசு, அரை நாள் பொழுது.

இந்த வேலையை நாமே செய்யலாம். அதற்குப் படம் திருத்தும் மென்பொருளில் இரண்டே இரண்டு விஷயங்கள் தெரிந்தால் போதும். ஒன்று லேயர், அதாவது அடுக்கு. இன்னொன்று கிரேடியன்ட், நம் பேச்சில் ஷேடு. இந்த இதழில் இரண்டையும் பார்ப்போம். கம்ப்யூட்டரைத் தொட்டதே இல்லை என்றாலும் படியுங்கள். வீட்டில் கல்லூரிக்குப் போகும் பிள்ளை இருந்தால் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு படியுங்கள்.

லேயர் என்றால் என்ன?

முன்பெல்லாம் பயிற்சிக்கு வருகிறவர்கள் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளில் எழுதி, விளக்கு வெளிச்சத்தில் சுவரில் காட்டுவார்கள், நினைவிருக்கிறதா? அந்தத் தாள்கள் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக வைப்போம். அடித்தாளில் கடல், நடுத்தாளில் மீன், மேல்தாளில் "கருவாடு" என்ற எழுத்து. மேலிருந்து பார்த்தால் ஒரே படமாகத் தெரியும். எழுத்தை மாற்ற வேண்டுமா? மேல்தாளை மட்டும் எடுத்துவிட்டு வேறு தாள் வைத்தால் போதும். கடலும் மீனும் அப்படியே இருக்கும். இதுதான் லேயர். கம்ப்யூட்டரில் தாளுக்குப் பதில் திரை, அவ்வளவுதான்.

முத்தும் இப்படித்தான் உண்டாகிறது. நம் மன்னார் வளைகுடாச் சிப்பி உள்ளே சேர்ந்த ஒரு துகளைச் சுற்றி மெல்லிய படலம் படலமாகப் பூசிக்கொண்டே போகும். 1973இல் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் சிப்பிக்குள் சிறு மணியை வைத்து வளர்ப்பு முத்து எடுத்தார்கள். அப்போதும் அந்த மணியின்மேல் அடுக்கடுக்காகப் படலம் ஏற்றியது சிப்பிதான். ஒவ்வொரு படலமும் ஒளியைக் கொஞ்சம் உள்ளே விடும். அதனால்தான் முத்தின் பளபளப்பு உள்ளிருந்து வருவதுபோல் தெரிகிறது. மென்பொருளிலும் ஒரு லேயர் எவ்வளவு ஒளியை விட வேண்டும் என்று நாம் சொல்லலாம். அதற்கு ஒபேசிட்டி என்று பெயர். 100 வைத்தால் கீழே இருப்பது தெரியாது. 50 வைத்தால் பாதி தெரியும். 0 வைத்தால் அந்த லேயர் இருந்தும் இல்லாததுபோல.

எல்லோருக்கும் தெரிந்த போட்டோஷாப் மென்பொருள் 1990இல் வந்தது. அமெரிக்காவில் தாமஸ் நோல், ஜான் நோல் என்ற அண்ணன் தம்பி உருவாக்கியது. ஆனால் முதல் நாலு வருஷம் அதில் லேயர் கிடையாது. படத்தின்மேல் எழுத்தை வைத்தால் அது படத்தோடு ஒட்டிக்கொண்டுவிடும், பிறகு பிரிக்க முடியாது. 1994இல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் லேயர் வந்தது. அதன்பிறகு படம் திருத்தும் வேலையே மாறிவிட்டது.

எந்த மென்பொருள்?

நாம் இங்கே ஜிம்ப் என்ற மென்பொருளை வைத்துச் சொல்கிறோம். காரணம், இது இலவசம். திருட்டுப் பிரதி தேட வேண்டாம், மாதச் சந்தா கட்ட வேண்டாம். கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் இரண்டு பேர், ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மேட்டிஸ் என்பவர்கள், 1995இல் தொடங்கியது. இன்றும் உலகம் முழுவதிலும் இருந்து தன்னார்வலர்கள் அதை வளர்த்து வருகிறார்கள். 2025 மார்ச்சில் மூன்றாம் பதிப்பு வந்தது. 2011 முதல் அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி பல வீடுகளில் இருக்கும். அதில் பழைய விண்டோஸ் இருந்தால் மூன்றாம் பதிப்பு ஓடாது, அதற்கு முந்தைய 2.10 பதிப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். லினக்ஸ் போட்ட கணினியிலும் ஜிம்ப் ஓடும். இங்கே சொல்லும் எல்லா வேலையையும் இரண்டு பதிப்பிலும் செய்யலாம்.

ஒரு லேபிள் செய்து பார்ப்போம்

சிங்கித்துறையிலோ கொம்புத்துறையிலோ ஒரு குழு நெத்திலிக் கருவாடு பாக்கெட் போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். லேபிள் 10 செ.மீ. அகலம், 7 செ.மீ. உயரம். இந்த அளவுக்கு ஏ4 ஸ்டிக்கர் தாள் ஒன்றில் எட்டு லேபிள் அடங்கும்.

1. ஜிம்ப்பைத் திறந்து "ஃபைல்" மெனுவில் "நியூ" என்பதைத் தேர்ந்தெடுங்கள். அளவு கேட்கும். பிக்சல் என்று இருப்பதை மில்லிமீட்டர் என்று மாற்றி 100, 70 என்று கொடுங்கள். கீழே "அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்" என்பதைத் திறந்து ரெசல்யூஷன் 300 இருக்கிறதா என்று பாருங்கள். இது முக்கியம். 72 என்று விட்டுவிட்டால் திரையில் அழகாகத் தெரிவது அச்சில் மங்கிப்போகும்.

2. திரையின் வலது பக்கம் "லேயர்ஸ்" என்ற பெட்டி இருக்கும். இப்போது அதில் "பேக்ரவுண்ட்" என்று ஒரே ஒரு லேயர்தான். இதுதான் நம் அடித்தாள். வெள்ளையாகவே இருக்கட்டும்.

3. அந்தப் பெட்டியின் அடியில் புது லேயர் பொத்தானை அழுத்துங்கள். பெயர் கேட்கும், "ஷேடு" என்று கொடுங்கள். நிரப்புவது என்ன என்று கேட்டால் "டிரான்ஸ்பரன்சி" என்று கொடுங்கள். இப்போது ஒரு கண்ணாடித்தாள் மேலே வந்துவிட்டது. ஷேடு எப்படிப் போடுவது என்று பின்னால் சொல்கிறோம்.

4. "ஃபைல்" மெனுவில் "ஓப்பன் ஆஸ் லேயர்ஸ்" கொடுத்துக் கருவாட்டுப் போட்டோவை எடுங்கள். அது தனி லேயராக வந்து உட்காரும். போட்டோ எடுக்கும்போது வெள்ளைத் துணி மேல் பரப்பி, நிழலில், பகல் வெளிச்சத்தில் எடுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி மங்கிவிடும். "டாக்குமெண்ட்" ஆக அனுப்பினால் எடுத்தது எடுத்தபடி வரும்.

5. இன்னொரு புது லேயர். பெயர் "வெள்ளைப் பெட்டி". ஆர் எழுத்தை அழுத்தினால் சதுரம் போடும் கருவி வரும். லேபிளின் கீழ்ப் பாதியில் ஒரு பெட்டி இழுத்து வெள்ளை நிறத்தால் நிரப்புங்கள். பிறகு "செலக்ட்" மெனுவில் "நன்" கொடுத்துவிடுங்கள்.

6. டி எழுத்தை, அதாவது டெக்ஸ்ட் என்பதன் முதல் எழுத்தை, அழுத்தி எழுத்துக் கருவியை எடுங்கள். பொருளின் பெயரைத் தட்டச்சு செய்தால் அது தனி லேயராகும். எடை, விலை, முகவரி என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தட்டச்சு செய்யுங்கள். ஒவ்வொன்றும் தனி லேயர்.

லேயர் பெட்டியில் ஒவ்வொரு பெயருக்கும் இடது பக்கம் ஒரு கண் படம் இருக்கும். கண்ணை அழுத்தினால் அந்த லேயர் மறையும். மறுபடி அழுத்தினால் வரும். அழிந்துபோய்விடுமோ என்ற பயம் வேண்டாம், மறைந்துதான் இருக்கும்.

இந்தக் கண்ணில்தான் நம் லாபம் இருக்கிறது. "100 கிராம்" என்று ஒரு லேயர், "200 கிராம்" என்று ஒரு லேயர், "500 கிராம்" என்று ஒரு லேயர் செய்துகொள்ளுங்கள். அதேபோல் "நெத்திலி" என்று ஒன்று, "சாளை" என்று ஒன்று, அவற்றுக்கான போட்டோ தனித்தனியாக. எது வேண்டுமோ அதன் கண்ணை மட்டும் திறந்து வைத்துக்கொண்டால் இரண்டு மீன், மூன்று எடை, ஆறு லேபிள். எல்லாம் ஒரே கோப்பில். வெளியே ஒரு லேபிளுக்கு 300 ரூபாய் என்று கணக்குப் போட்டாலும் ஆறுக்கு 1,800 ரூபாய். அதுவும் முதல் தடவைக்குத்தான். 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறியபோது எத்தனையோ பொருட்களின் விலையைத் திருத்த வேண்டி வந்தது. அப்படி ஒரு நாள் வந்தால் நாம் செய்ய வேண்டியது, விலை லேயரைத் திறந்து எண்ணை மாற்றுவது மட்டும்தான்.

ஷேடு போடுவது எப்படி?

ஷேடு சேலை எல்லோரிடமும் ஒன்றாவது இருக்கும். தலைப்பில் கருநீலம், உடலில் வரவர வெளிறி, கரையில் வெள்ளை போல. எந்த இடத்தில் நீலம் முடிந்தது, எந்த இடத்தில் வெள்ளை தொடங்கியது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. அதுதான் கிரேடியன்ட். ஒரு நிறத்திலிருந்து இன்னொரு நிறத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் போவது.

லேயர் பெட்டியில் "ஷேடு" லேயரை ஒரு முறை தொட்டுத் தேர்ந்தெடுங்கள். எந்த லேயரைத் தொட்டிருக்கிறோமோ அதில்தான் வேலை நடக்கும். கருவிப் பெட்டியில் முன்னும் பின்னுமாக இரண்டு நிறக் கட்டங்கள் இருக்கும். முன்கட்டத்தில் கருநீலம், பின்கட்டத்தில் வெளிர்நீலம் வையுங்கள். ஜி எழுத்தை அழுத்தினால் கிரேடியன்ட் கருவி வரும். லேபிளின் மேல் ஓரத்தில் அழுத்திப் பிடித்து, விடாமல் கீழ் ஓரம் வரை இழுத்து விடுங்கள். கன்ட்ரோல் பொத்தானை அழுத்திக்கொண்டு இழுத்தால் கோணாமல் நேராக வரும். சரி என்று பட்டால் என்டர் தட்டுங்கள்.

இழுக்கும் தூரம்தான் இதில் கைப்பக்குவம். நீளமாக இழுத்தால் நிறம் மெதுவாக மாறும். குட்டையாக இழுத்தால் சட்டென்று மாறும், கோடு போட்டது போல் தெரியும். கருவியின் விருப்பங்களில் வடிவமும் இருக்கும். "லீனியர்" என்றால் நேராகப் போகும், "ரேடியல்" என்றால் நடுவிலிருந்து வட்டமாகப் பரவும். மக்ரூன் போன்ற சிறு பொருளின் படத்துக்குப் பின்னால் வட்ட ஷேடு எடுப்பாக இருக்கும். அங்கேயே "டிதரிங்" என்று ஒன்று உண்டு. அதை டிக் செய்து வைத்தால் நிறம் பட்டை பட்டையாக உடைவது குறையும்.

லேயரும் ஷேடும் சேரும் இடம்

போட்டோவை அப்படியே ஒட்டினால் ஓரம் வெட்டி வைத்தது போல் இருக்கும். போட்டோ ஒரு பக்கம் தெளிவாக இருந்து, மறுபக்கம் மெல்லக் கரைந்து பின்னணியோடு சேர்ந்தால்தான் பார்க்க நன்றாக இருக்கும். கம்பெனி பாக்கெட்டுகளில் அப்படித்தான் செய்கிறார்கள். இதற்கு லேயர் மாஸ்க் என்ற வழி உண்டு.

போட்டோ லேயரின் மேல் வலது பொத்தானை அழுத்தி "ஆட் லேயர் மாஸ்க்" கொடுங்கள். வெள்ளை, முழு ஒபேசிட்டி என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். போட்டோவின் சின்னப் படத்துக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக் கட்டம் வரும். அதைத் தொடுங்கள். இப்போது டி எழுத்தில் தொடங்கும் இன்னொரு வேலை. ஆங்கில எழுத்து வரிசையில் நான்காவதாக வரும் டி. அதை அழுத்தினால் நிறங்கள் கறுப்பு, வெள்ளை ஆகிவிடும். கிரேடியன்ட் கருவியை எடுத்துப் போட்டோவின் இடது ஓரத்திலிருந்து உள்பக்கமாக இழுங்கள். இடது ஓரம் கரைந்து மறையும், வலது பக்கம் தெளிவாக இருக்கும்.

என்ன நடந்தது? மாஸ்க்கில் வெள்ளை இருக்கும் இடத்தில் போட்டோ தெரியும், கறுப்பு இருக்கும் இடத்தில் மறையும், சாம்பல் இருக்கும் இடத்தில் பாதி தெரியும். போட்டோவை நாம் வெட்டவும் இல்லை, அழிக்கவும் இல்லை. பிடிக்கவில்லை என்றால் மாஸ்க்கை எடுத்துவிட்டு மறுபடி போடலாம்.

ஷேடு போடக் கூடாத இடம்

சகோதரிகளே, இதைக் கவனமாகப் படியுங்கள். அழகுக்காகப் போடும் ஷேடு நம் பாக்கெட்டைத் திருப்பி அனுப்ப வைத்துவிடக் கூடாது.

உணவுப் பாக்கெட்டில் சில விவரங்கள் கட்டாயம் இருக்க வேண்டும். பொருளின் பெயர், சேர்மானங்கள், நிகர எடை, எல்லா வரிகளும் உட்பட அதிகபட்ச விலை, தயாரித்த தேதி, எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும், தொகுதி எண், தயாரித்தவர் முகவரி, புகாருக்கான தொடர்பு, 14 இலக்க உணவுப் பாதுகாப்புப் பதிவு எண், சைவ அசைவக் குறி. இவை எல்லாம் பின்னணியிலிருந்து பளிச்சென்று வேறுபட்டுத் தெளிவாகப் படிக்கும்படி இருக்க வேண்டும் என்பது விதி. அதற்காகத்தான் "வெள்ளைப் பெட்டி" என்று ஒரு லேயர் போட்டோம். அந்தப் பெட்டிக்கு ஒபேசிட்டி 100 இருக்கட்டும். அதன்மேல் கறுப்பு எழுத்து. அதற்குள் ஷேடு வேண்டாம்.

தமிழ் எழுத்துக்கு இன்னொரு சங்கடம் உண்டு. புள்ளி! ஷேடின் மேல் சின்ன எழுத்து வைத்தால் முதலில் காணாமல் போவது புள்ளிதான். புள்ளி போனால் "க்" "க" ஆகிவிடும், வார்த்தையே மாறிவிடும். ஜெராக்ஸ் எடுத்தால் இன்னும் மோசம். ஷேடு பொடிப்பொடியாக உடைந்து, எது எழுத்தின் புள்ளி, எது மையின் புள்ளி என்று தெரியாது.

தேதியை மாத்திரம் பல குழுக்களில் ரப்பர் முத்திரை குத்துகிறோம். அதற்கு ஒரு இடம் வெள்ளையாக விட்டுவிடுங்கள். கருநீலத்தின் மேல் முத்திரை தெரியாது, பளபளப்புத் தாளில் மை காயாமல் இழுபடும்.

சைவ அசைவக் குறியைப் பற்றியும் சொல்ல வேண்டும். சைவத்துக்குப் பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம். அசைவத்துக்கு முன்பு பழுப்பு வட்டம் இருந்தது. 2020இல் வந்த லேபிள் விதிகளில் அது பழுப்பு முக்கோணம் ஆகிவிட்டது. பச்சையும் பழுப்பும் வேறுபாடு தெரியாத நிறக்குறைபாடு உள்ளவர்கள் வடிவத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். பழைய பாக்கெட்டைப் பார்த்து வட்டம் போட்டுவிடாதீர்கள். கருவாட்டுக்கு முக்கோணம் என்பது தெரியும். தூத்துக்குடி மக்ரூனுக்கு? அதில் முட்டை வெள்ளைக்கரு சேர்கிறது, எனவே அதற்கும் முக்கோணம்தான். முட்டை, முந்திரி இரண்டும் சிலருக்கு ஒவ்வாமை தரும், அதையும் லேபிளில் எழுத வேண்டும். இந்தக் குறிகளையும் தனி லேயராக வையுங்கள்.

அச்சுக்குப் போகும் முன்

திரையில் தெரியும் நிறம் அப்படியே தாளில் வராது. திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, அச்சு மையால் காட்டுகிறது. பளீர் நீலமும் பளீர் பச்சையும் தாளில் கொஞ்சம் மங்கித்தான் வரும். ஆகவே மொத்தமாகக் கொடுக்கும் முன் ஒரே ஒரு தாள் அச்சடித்துப் பாருங்கள். அந்தத் தாளைக் குழுவில் வயதான அக்கா ஒருவரிடம் கொடுங்கள். கையை நீட்டிப் பிடித்து, விலையையும் தேதியையும் அவர் தடுமாறாமல் படித்துவிட்டால் லேபிள் தேறிவிட்டது.

ஒரே நிறத்தில் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்வதாக இருந்தால் ஷேடு வேண்டவே வேண்டாம். ஒரே மையில் ஷேடு காட்ட வேண்டுமானால் சிறுசிறு புள்ளிகளாகத்தான் காட்ட முடியும், துணிப் பையிலும் தாள் பையிலும் அது அழுக்குப் பட்டது போல் தெரியும். அதற்கு "ஷேடு" லேயரின் கண்ணை மூடிவிட்டு எழுத்தை மட்டும் கொடுங்கள். எழுத்து, படம் எதையும் ஓரத்தை ஒட்டி வைக்காமல் சுற்றிலும் 4 அல்லது 5 மில்லிமீட்டர் விடுங்கள். வெட்டும்போது கத்தி கொஞ்சம் தள்ளினாலும் எழுத்து தப்பிக்கும்.

மூலக் கோப்பு யாரிடம்?

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயம்தான் மனதில் நிற்கும் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

லேபிளை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். "சேவ்" கொடுத்தால் எக்ஸ்சிஎஃப் என்ற கோப்பு உண்டாகும். அதில் எல்லா லேயரும் தனித்தனியாக அப்படியே இருக்கும். இதுதான் மூலக் கோப்பு. "எக்ஸ்போர்ட்" கொடுத்தால் ஜேபிஜி அல்லது பிஎன்ஜி கிடைக்கும். அது எல்லாத் தாளையும் ஒன்றாக ஒட்டிய படம். அச்சடிக்கலாம், வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். ஆனால் அதிலிருந்து விலையை மட்டும் எடுத்து மாற்ற முடியாது.

வெளியே லேபிள் செய்து வாங்கும் குழுக்கள் பெரும்பாலும் கையில் வாங்கி வருவது ஜேபிஜியைத்தான். மூலக் கோப்பு அங்கேயே தங்கிவிடுகிறது. நம் பகுதியில் ஒரு குழுவுக்கு இப்படித்தான் நடந்தது. லேபிள் செய்த கடை ஒரு நாள் மூடிவிட்டது. புதுக் கடையில் போய் எடையை மட்டும் மாற்றிக் கேட்டபோது, "மூலம் இல்லாமல் முடியாது, முழுசும் புதுசாகத்தான் செய்யணும்" என்று சொல்லிவிட்டார்கள். பணம் கொடுத்துச் செய்த லேபிள், ஆனால் நம்முடையது இல்லை!

வங்கிப் பாஸ்புத்தகத்தை வேறு ஒருவர் வீட்டில் விட்டு வைப்போமா? தீர்மானப் புத்தகத்தைக் கடைக்காரரிடம் கொடுத்து வைப்போமா? மூலக் கோப்பும் அப்படித்தான். அது குழுவின் சொத்து. வெளியே வேலை கொடுத்தாலும் பணம் கொடுக்கும் முன் இவற்றைக் கேட்டு வாங்குங்கள்:

* போட்டோஷாப்பில் செய்திருந்தால் லேயரோடு உள்ள பிஎஸ்டி கோப்பு. இதை ஜிம்ப்பில் திறக்கலாம்.
* கோரல்டிராவில் செய்திருந்தால் சிடிஆர் கோப்பு, கூடவே பிடிஎஃப். சிடிஆர் கோப்பை ஜிம்ப் நேராகத் திறக்காது, அதனால் இரண்டும் வேண்டும்.
* என்ன எழுத்துரு பயன்படுத்தினார்கள் என்ற பெயர். பழைய வகைத் தமிழ் எழுத்துரு என்றால், அது இல்லாத கணினியில் திறக்கும்போது தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாக வரும். யூனிகோட் தமிழில் செய்து தரச் சொன்னால் இந்தத் தொல்லை இல்லை. தமிழ்நாடு அரசும் 2010இல் யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது.
* நாம் கொடுத்த போட்டோக்கள், குழுவின் சின்னம்.

கோப்பைப் பென்டிரைவில் ஒன்று, குழுவின் மின்னஞ்சலில் ஒன்று என்று இரண்டு இடத்தில் வையுங்கள். "லேபிள் மூலக் கோப்பு பெறப்பட்டது, இன்னாரிடம் உள்ளது" என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். பொறுப்பாளர் மாறும்போது கணக்கோடு சேர்த்து இதையும் ஒப்படைக்க வேண்டும்.

உறுப்பினர்கள் கேட்ட கேள்விகள்

"லாத்தா, எங்க வீட்டுல கம்ப்யூட்டர் இல்லை. போன்லயே செய்ய முடியாதா?"

செய்யலாம். போனில் உள்ள பல செயலிகளிலும் லேயர் உண்டு. போட்டோபீ என்று ஒன்று, இணையத்தில் திறந்தாலே வேலை செய்யும், பிஎஸ்டி கோப்பையும் எக்ஸ்சிஎஃப் கோப்பையும் திறக்கும். ஆனால் சின்னத் திரையில் எழுத்துப் பிழை கண்ணில் படாது. யோசனையைப் போனில் செய்து பாருங்கள், கடைசி வடிவத்தைப் பெரிய திரையில் முடியுங்கள்.

"எழுத்து மேல ஷேடு போட்டேன், அப்புறம் எழுத்தைத் திருத்த முடியலையே?"

எழுத்து லேயரில் நேராகத் தூரிகையோ ஷேடோ போட்டால் அது எழுத்தாக இல்லாமல் வெறும் படமாகிவிடும். எழுத்து லேயரை நகல் எடுத்து, நகலில் செய்யுங்கள். அசலின் கண்ணை மூடி வையுங்கள்.

"லேயர் நிறைய ஆகிவிட்டது, ஒன்றாக்கிவிடலாமா?"

மூலக் கோப்பில் "ஃப்ளாட்டன்", "மெர்ஜ்" இரண்டையும் தொடாதீர்கள். "லேயர் குரூப்" என்று ஒன்று உண்டு. எடைகளை ஒரு குரூப்பிலும், மீன் பெயர்களை ஒரு குரூப்பிலும் போட்டு வைத்தால் நெரிசல் இருக்காது. ஒவ்வொரு லேயருக்கும் பெயர் வையுங்கள். நாளைக்கு வேறு ஒரு சகோதரி திறந்தாலும் அவருக்குப் புரிய வேண்டும்.

"ஒருத்தி கத்துக்கிட்டா போதாதா?"

போதாது! அவர் கல்யாணமாகிப் போனாலும், வெளியூர் போனாலும், உடம்புக்கு முடியாமல் இருந்தாலும் வேலை நிற்கக் கூடாது. குழுவுக்கு இரண்டு பேராவது கற்றுக்கொள்ளுங்கள். ஒருவர் பெரியவர், ஒருவர் இளையவர் என்று இருந்தால் இன்னும் நல்லது. இளையவருக்குக் கணினி கைவரும், பெரியவருக்கு எது விற்கும் என்று தெரியும்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு

ஒவ்வொரு குழுவும் இப்போது ஒட்டுகிற லேபிள் ஒன்றைக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். மூன்று கேள்விகளை மட்டும் கேட்டுப் பார்ப்போம். விலையும் தேதியும் கைநீட்டும் தூரத்தில் படிக்க முடிகிறதா? சைவ அசைவக் குறி இப்போதைய விதிப்படி இருக்கிறதா? இதன் மூலக் கோப்பு யாரிடம் இருக்கிறது? மூன்றாவது கேள்விக்குப் பதில் "எங்களிடம் இல்லை" என்று வந்தால், கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போகும் வழியிலேயே அந்தக் கடையில் ஏறிக் கேட்டு வாங்கிவிடுங்கள்.